ஓரத் தையலுக்குள்

கொட்டாரத்தில் இருக்கிறது எங்கள் சலவை ஆலை.
கன்னியாகுமரி லாட்ஜுகளின் இரவுகள்
மத்தியானம் மூட்டைமூட்டையாக வந்து இறங்கும்.
மணல் இருக்கும், குங்குமம் இருக்கும்,
ஒருமுறை ஒரு பல்செட் இருந்தது.

ஒவ்வொரு விரிப்பின் ஓரத் தையலுக்குள்ளும்
மிளகைவிடச் சிறிய ஒரு சில்லு,
இருபுறமும் மீசைபோல எஃகு நூல்.
பேட்டரி கிடையாது.
"அப்ப இது எப்படிப் பேசும் சாரே?"
ஆர்.எஃப்.ஐ.டி. மாட்ட வந்த கோயம்புத்தூர்க்காரரிடம் கேட்டேன்.
படம் போட்டுக் காட்டினார்.
தலையாட்டினேன்.

புரிந்தது உதயம் லாட்ஜில்.
அங்கே ஷிஜின் என்றொரு ரூம்பாய்,
ஐந்தேகாலுக்கு மாடிமாடியாகக் கதவு தட்டுவான்,
சூரியன் பார்க்க வந்தவர்களை எழுப்ப.
தானாக யாரும் எழுவதில்லை.
தட்டின தட்டிலேயே உயிர் வந்து
"ஆங், முன்னூத்தி நாலு" என்று ஒரு குரல்,
பிறகு மறுபடி குறட்டை.

அவ்வளவுதான் இதுவும்.
எங்கள் வாசலில் நிற்கும் கருவி
அலையால் தட்டுகிறது.
தட்டிய விசையையே மூச்சாக இழுத்து
எண்ணைச் சொல்லிவிட்டுப்
படுத்துக்கொள்கிறது சில்லு.

நூறு விரிப்பு சேர்ந்து போனால்
நூறும் சேர்ந்து கத்தாதா?
கத்தினால் ஒன்றும் விளங்காது.
அதனால் ஆளுக்கொரு டோக்கன் எடுத்து
முறை வரும்வரை வாய்மூடி நிற்கும்.
நூறு பேரின் வரிசையும்
நான் தும்மி முடிப்பதற்குள் கலைந்துவிடும்.
எங்கள் ரேஷன் கடையில் இதைச் சொன்னபோது
ஒருவரும் நம்பவில்லை.

எந்த லாட்ஜ், எந்தத் தேதி, எத்தனையாவது சலவை,
எல்லாம் திரையில் வரும்.
இருநூறு தாண்டினால் 'துடைதுணி' என்று சிவப்பில் வரும்.
முன்பு அவர்களுக்கு ஒரு நோட்டு, எங்களுக்கு ஒரு நோட்டு,
இரண்டிலும் அடித்தல் திருத்தல்.
இப்போது பில்லுக்குச் சண்டையில்லை.

ஈரத்தோடு மட்டும் அனுப்பக்கூடாது.
தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

ஆனி மழையில் உலர்த்தும் இயந்திரம் படுத்தது.
லாட்ஜில் ஆள் நிரம்பியிருந்ததால்
பாதி ஈரத்தோடு ஏற்றி அனுப்பினோம்.
ஏழாயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று
வாசலில் வாய் திறக்கவில்லை.
போனதற்குச் சாட்சி இல்லை,
வந்து சேரவில்லை என்கிறது லாட்ஜ்.
முதலாளி என் சம்பளத்தில்
முன்னூற்றெண்பது ரூபாய் பிடித்தார்.

ஆடி கழிந்து ஒரு விடியற்காலை,
வேனில் கைக்கருவியோடு நான்.
சங்குக் கடைகள் பக்கம் வண்டி நின்றபோது
சார்ஜ் இருக்கிறதா பார்க்க விசையை அழுத்தினேன்.
பீப்.
திரையில் 7741. டபுள் பெட், வெள்ளை.

இறங்கிப் பார்த்தால்
மிக்கேலம்மாளின் சோழிகளுக்கும்
வண்ணமணல் பொட்டலங்களுக்கும் அடியில்
நாலு மூலைக்கும் நாலு சங்கு வைத்து
நன்றாக விரித்திருந்தது.
"நம்ம லாட்ஜுப் பய தந்தான், அம்பது ரூவாய்க்கு.
ஏன் பிள்ளே, என்னத்த பாக்க?"
"ஒண்ணுமில்ல. நல்ல துணி."

ஷிஜினிடம் திரையைக் காட்டினேன்.
கதவு தட்டுகிற கையைப்
பைக்குள் விட்டான்.
இது எப்படி அக்கா கத்துது என்றான்.
சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்:
தட்டினால் எழுவதை,
டோக்கன் எடுத்து நிற்பதை,
தண்ணீர் அலையைக் குடிப்பதை.
இருநூறு தந்தான்.
வாங்கிக்கொண்டேன்.
மீதி கார்த்திகை சீசனுக்காம்.

மறுநாள் அதே இடம்.
முதலாளியும் வேனில் இருந்தார்,
கருவி அவர் மடியில்.
சும்மா அழுத்திக்கொண்டே வந்தார்,
விளையாட்டுச் சாமான் போல.
சங்குக் கடைகளைத் தாண்டியபோது
என் காது சூடாயிற்று.

ஒன்றும் கேட்கவில்லை.
மிக்கேலம்மாள் குடத்தைச் சாய்த்து
விரிப்பை ஓரம்வரை நனைத்துக்கொண்டிருந்தாள்.
"தூசி பறக்காது பாரு" என்று
யாரும் கேட்காமலே சொன்னாள்.