உறை

இரவு இரண்டு பத்துக்கு
தொட்டியின் மூடியைத் தூக்குகிறேன்.
வெள்ளை ஆவி வழிந்து
என் செருப்பைக் காணாமல் செய்கிறது.
உள்ளே, எந்தக் குளிர்காலமும் எட்டாத குளிரில்,
யாரோ ஒரு குழந்தையின் தொப்புள்கொடியில் எடுத்தது
தீப்பெட்டியளவுப் பையில் தூங்குகிறது.

அந்தக் குழந்தை இந்நேரம்
கட்டில் காலைப் பிடித்து நடக்கப் பழகியிருக்கும்.
அதன் செல்களுக்குள் ஒரு வரி கூடுதலாக
எழுதிச் சேர்த்திருக்கிறோம்:
இரத்தக்குழாய் கசிகிற இடத்தில்
சுவரிடம் போய்ச் சொல்,
கைகோத்து நெருங்கி நில் என்று.

மூன்றாம் மாடி, நான்காம் படுக்கை, மாதேசன்.
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை.
வியாழன் மதியம் வெள்ளித்தூளைத் திராவகத்தில் போட்டவர்
ஜன்னலைத் திறக்க மறந்திருக்கிறார்.
"ஆரஞ்சுக் கலர்ல பொகைங்க.
பாக்க நல்லாத்தான் இருந்துச்சாம்" என்றாள் ஜெயக்கொடி.
வீட்டுக்கு வந்தார். குளித்தார். இரண்டு தோசை.
மகளின் கணக்கு நோட்டில் கையெழுத்து.
விடியுமுன் தன் நெஞ்சுக்குள்ளேயே
மூழ்கத் தொடங்கினார்,
திருமணிமுத்தாற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லாத
சித்திரையில்.
எக்ஸ்ரேயில் இருபுறமும் வெள்ளைக்கல் கரடு.

(அவரைச் சுட்ட புகையிலும் நைட்ரஜன்,
இதைத் தூங்கவைத்ததும் நைட்ரஜன்.
இந்த நேரத்தில் இப்படியெல்லாம் தோன்றும்.)

வெதுவெதுப்பான தண்ணீரில் பையை ஆட்டுகிறேன்.
அரிசியளவு பனி மிச்சமிருக்கையில் எடுத்துவிட வேண்டும்.
நுண்ணோக்கியில்
நீலம் குடித்தவை செத்தவை,
குடிக்காதவை உயிர்.
எண்ணினேன். போதும்.

பக்கத்தில் இன்னொரு பை. உப்புநீர் மட்டும்.

ஏழாம் படுக்கையில் ஏற்காட்டு எஸ்டேட் ஜீப் ஓட்டுநர்,
நிமோனியா முற்றிப்போய் நேற்று இறக்கிவந்தார்கள்.
இரண்டு பேர், இரண்டு பைகள்.
கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கியிருக்கிறது.
இந்தக் கட்டிடத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.
டாக்டருக்குத் தெரியாது. நர்ஸுக்குத் தெரியாது.
உங்களிடமும் சொல்லமாட்டேன்.
இரண்டுக்கும் ஒரே கறுப்பு உறையை மாட்டுகிறேன்.

ஒப்புதல் படிவம் படித்துக்காட்டிய அன்று
ஜெயக்கொடி கேட்டாள்:
"பாலுக்கு ஒறை ஊத்தற மாதிரிங்களா?
ஒரு கரண்டி மோரு மொத்தப் பாலையும் மாத்துமே?"
கிட்டத்தட்ட, என்றார் டாக்டர்,
ஆனால் இது தங்காது.
சில நாள் கழித்துத் தேடினால் நெஞ்சில் இருக்காது.
வரும், சொல்ல வேண்டியதைச் சொல்லும், போய்விடும்.
"அப்ப சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க."
டாக்டர் சிரிக்கலாமா என்று யோசித்தார்.

லிஃப்டில் அவள் மட்டும்.
என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.
"பாதிப் பேருக்கு உப்புத்தண்ணின்னு சொன்னாங்க.
எங்க வூட்டுக்காரரு எந்தப் பாதிங்கக்கா?"
ஒன்று. இரண்டு.
மாடி எண்கள் இவ்வளவு மெதுவாக மாறி
நான் பார்த்ததில்லை.
அவள் என் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள்.
நான் அதற்கும் ஓர் உறை போட்டிருந்தேன்.

சொட்டுச் சொட்டாக இறங்க ஒரு மணி நேரம்.
ஜன்னலுக்கு வெளியே மலைப்பாதையில்
ஒற்றை விளக்கு ஒன்று
கொண்டையூசி வளைவுகளில்
மறைந்து மறைந்து கீழே வந்தது.
ஏதோ லோடு வண்டி. மிளகாகவும் இருக்கலாம்.

ஐந்தரைக்கு ஒரு படுக்கையில்
ஆக்சிஜன் எண்பதிலிருந்து எழுபதாகக் குறைக்க முடிந்தது.
ஆறு மணிக்கு இன்னொன்றிலும், எழுபத்தைந்து.
உப்புநீரிலும் மனிதர்கள் பிழைப்பதுண்டு.
செல் ஏறியவர்கள் போய்ச்சேர்ந்ததும் உண்டு.
தெரிந்து வைத்திருந்தது எனக்கு எதற்கும் ஆகவில்லை.
காலிப் பைகளை எடைபோட்டு, பதிவேட்டில் எழுதி,
பூட்டினேன்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை.
ஜெயக்கொடி எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருந்தாள்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
"சக்கரை போதுங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் சொன்னேன்.