இதர விவரங்கள்

பெயர்: டெரக் அக்ராய்ட்.
தொழில்: பார்ன்ஸ்லியில் பேருந்து, இரவுப் பணி.
காயம்: மேல்வாய் முன்பற்கள் இரண்டு,
இடது கன்னத்து எலும்பு.

தாக்கப்படும் முன் நீங்கள் ஏதேனும் சொன்னீர்களா?
சொன்னேன்.
டிக்கெட் எடுக்கணும் தம்பி.

பல்லுக்கு ஒரு விலை போட்டிருக்கிறார்கள்,
எலும்புக்கு ஒரு விலை.
ஞாயிறுதோறும் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில்
கார்னெட் ஊதிய உதட்டுக்கு
அட்டவணையில் வரி இல்லை.
'இதர விவரங்கள்' கட்டத்தில் எழுதினேன்:
மேல் ஸ்தாயியில் காற்று கசிகிறது.
அடித்தேன்.
மறுபடி அதையே எழுதினேன்.
சூப் ஆறுது, இன்னும் என்ன எழுத்து
என்றாள் பெவர்லி.

பதினான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது.
பாய்லர் மாற்றினோம்.
வீடு முழுக்கச் சூடு.
கார்னெட்டைப் பெட்டியோடு
அலமாரியின் மேல் ஏற்றிவிட்டேன்,
அங்கே வெதுவெதுப்பாக இருக்கும்.

போன வியாழன், மழை.
அதே பையன் ஏறினான், இடுப்பில் குழந்தை.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
கேட்குமுன்னே நீட்டினான் சில்லறையை,
எண்ணி, சரியாக.
வாங்கிப் போட்டேன், கதவை மூடினேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டே வந்தது குழந்தை.
புதிதாக முளைத்திருந்தன
மேல்வாய் முன்பற்கள்
இரண்டு.