நகரி ஸ்டேஷன், இரண்டாம் வெள்ளி

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை.
நகரி ஸ்டேஷன், கடைசி பெஞ்ச், நாலு பேர்,
ஒரு பொட்டலம் மசால்வடை.
எதிரே மலையின் மூக்கு
மோப்பம் பிடித்தபடி.

ஏகாம்பரகுப்பம் ஹேமாவதி தொடங்கினாள், பாதி தெலுங்கில்:
பசையில் மயில்துத்தம் கலந்துவிடுங்கள்,
இல்லாவிட்டால் ராமபாணம்
அட்டையைத் துளைத்து முன்னுரைக்கு வந்துவிடும்.
முன்னுரையைத் தின்றால் தின்னட்டும் என்றான்
பள்ளிப்பட்டு தசரதன்,
நம் பிள்ளைகள் அங்கே போனதே இல்லை.
துத்தம் மட்டும் வேண்டாம்,
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறார்கள்.
வசம்பு போடு.

அவனுடைய யோசனை வேறு:
கதைநேரத்தைப் பலகையில் எழுதாதே.
தறி நிற்கும்போது வை.
கரண்ட் போனதும்
தெரு முழுக்கக் காது முளைக்கும்.
அப்போது வாசலுக்கு வந்து
முதல் வரியை உரக்கச் சொல்.
இரண்டாவது வரிக்குப் பாய் போதாது.

எந்த மொழியில் சொல்ல?
என் பிள்ளைகள் தெலுங்கில் பசித்து
தமிழில் பாஸாகிறவர்கள்.
ஹேமாவதியின் பிள்ளைகள் அப்படியே தலைகீழ்.
பதில் யாரிடமும் இல்லை.
அரக்கோணம் வண்டி வந்து போன இரைச்சலில்
பத்து தெலுங்குப் புத்தகம் என் பைக்குள் வந்தது,
பத்து தமிழ் அவள் பைக்குள் போனது.
எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இருபது.

புத்தூர் ஷம்ஷாத் அதிகம் பேசமாட்டாள்.
கதை முடிந்ததும்
'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று கேட்டால்
உன் நாக்குக்கு நீயே சூடு வை, என்பாள்.
அபராத நோட்டைப் பரணில் போட்டுவிட்டாளாம்,
தணிக்கைக்கு வந்தால் எலி என்று சொல்லிக்கொள்ளலாம்.
மூன்று வருஷம் காணாமல்போன யானைப் புத்தகம்
போனமாதம் வந்து சேர்ந்ததாம்,
முதுகைப் பாவுநூலால் தைத்து.
'என் தையலைவிட நேர்.'

என் முறை.
யோசனை எதுவும் இல்லை, ஜஸ்வந்த்தான் இருந்தான்.
நாலாம் வகுப்பு. தினமும் நாலரை மணி.
மின்விசிறிக்கு நேர்கீழே உட்காருவான்,
புத்தகத்தைத் தொடமாட்டான்.
படம் காட்டினேன். காகிதத்தில் முதலை செய்தேன்.
கெஞ்சியும் பார்த்தேன்.
'காத்துக்கு வரேன் மேடம்.'

பெரிய எழுத்தாகக் கொடு, ஹேமாவதி.
பாம்புப் புத்தகம் கொடு, தசரதன்.
ஷம்ஷாத் கடைசி வடையைப் பிட்டாள்:
காத்துக்கு வரட்டுமே.
விசிறியும் நூலகச் சொத்துதானே.
வாசகர் என்றே வருகையில் எழுது.
பிறகு, தேதி முத்திரையை
அவன் கையில் கொடுத்துப் பார்.

கொடுத்தேன்.
திங்கள்: மேஜை, சுவர், தன் முழங்கை,
நாளிதழில் யாரோ ஒரு அமைச்சரின் நெற்றி.
செவ்வாய் முத்திரையை ஒளித்துவைத்தேன், கண்டுபிடித்தான்.
புதன்: அட்டைகளைத் திறந்து
பழைய தேதிகளைப் பார்க்க ஆரம்பித்தான்.
வியாழன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
'இத யாருமே எடுக்கல மேடம்.
நான் பொறக்கறதுக்கு முன்னாலருந்து.'

தவளைகளைப் பற்றியது.
ஒட்டிய சீட்டு வெள்ளையாகவே மஞ்சளாகியிருந்தது.
அதன் நடுவில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அன்றைய தேதியைக் குத்தினான்.
எடுத்துப் போனான். படித்தானா, தெரியாது.
சனிக்கிழமை வேறொன்று கொண்டுவந்தான்.
இதுவரை இருபத்தேழு,
எல்லாம் யாரும் தொடாதவை.
நான் தேடித்தேடி வாங்கிய கதைகளைத்
திரும்பியும் பார்ப்பதில்லை.

அடுத்த வெள்ளி இதைச் சொல்லவேண்டும்.
அது படிப்பே இல்லை என்பாள் ஹேமாவதி.
அவள் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

இதோ, கரண்ட் போய்விட்டது.
பொதட்டூர்ப்பேட்டைத் தறிகள் ஒவ்வொன்றாக
வாயை மூடுகின்றன.
தெலுங்குப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு
வாசலுக்குப் போகிறேன்.
விசிறி நின்ற கோபத்தில் ஜஸ்வந்த்
தவளைப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே
பின்னால் வருகிறான்.
'சீக்கிரம் மேடம், கரண்ட் வந்துடும்.'