பத்தொன்பதாம் பக்கம்

மூன்று மனு, பதினோரு வாரம்.
ஒருமுறை, கையெழுத்து விளங்கவில்லை என்று
திருப்பி அனுப்பினார்கள்.
கடைசியில் கோப்பு வந்தது.
நாற்பத்தொரு பக்கம்.
பாதிக்கு மேல் கறுப்பு மை.

எல்ட்ரிட் எந்த வீட்டில் இருக்கிறாள்: கறுப்பு.
எந்தப் பள்ளி: கறுப்பு.
அவளைக் குளிப்பாட்டுகிறவர்களின் பெயர்: கறுப்பு.
நான் குடித்த இரவுகளின் மேல் மட்டும்
ஒரு சொட்டு மை இல்லை.
தேதியும் நேரமும் போட்டு
பளிச்சென்று இருக்கின்றன அவை.
பொய்யும் இல்லை.

ஃபோஸ்மோ அம்மையார் கெட்டவர் அல்ல.
காபி ஊற்றித் தருகிறார்.
"டோர்கைர், பிள்ளை நலம்" என்கிறார்.
நலம் என்றால்?
ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டதா,
இடது காது வலித்தால் இன்னமும்
தொப்பியைப் போட்டுக்கொண்டே தூங்குகிறாளா
என்று கேட்டேன்.
திரையைப் பார்த்தார்.
நலம் என்றுதான் போட்டிருக்கிறது என்றார்.

நார்விக்கில் எனக்குப் பனி தள்ளும் வேலை.
இரவு இரண்டு மணிக்கு வண்டியை எடுப்பேன்.
இந்த மாதங்களில் சூரியன் எட்டியும் பார்க்காது.
யார் வீட்டு வாசலில் சறுக்குப் பலகை கிடக்கிறது,
யார் அதை உள்ளே எடுத்து வைக்கிறார்கள்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
ஆளைத்தான் தெரியாது.

பத்தொன்பதாம் பக்கத்தில்
மை பூசியவருக்குக் கை அசந்திருக்க வேண்டும்.
இரண்டு கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே
ஒரு வரி தப்பியிருந்தது:
"பனி வண்டியின் சத்தம் கேட்டால்
பிள்ளை எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள்."

வண்டிகள் நான்கு இருக்கின்றன.
என் வண்டிதான் என்று எங்கேயும் எழுதவில்லை.
நான்கு தடவை படித்துவிட்டேன்.

வீடுகள் வரும்போது
தூங்குகிறவர்களுக்காக அலகை ஒரு விரற்கடை
தூக்கிப் பிடிப்பது எங்கள் வழக்கம்.
அன்று முதல் தூக்குவதில்லை.
இரும்பு தார்ச்சாலையைச் சுரண்டிக்கொண்டு போகும்.
எந்த ஜன்னலையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை நான்,
பார்க்கக் கூடாதென்று நீதிமன்றத் தாளில் இருக்கிறது.
கூரை மேல் மஞ்சள் விளக்கு
தன்பாட்டுக்குச் சுற்றட்டும்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.
சத்தம் தாங்க முடியவில்லையாம்,
பிள்ளை தினமும் விழித்துக்கொள்கிறதாம்,
யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள்.

எந்த வீடு என்று கேட்டேன்.

புகார் கொடுத்தவர் விலாசத்தைச்
சொல்ல விதியில்லை என்றார்.