மேல் குழல், கீழ்க் குழல்

மலிவானதுதான்.
துருக்கியில் பிறந்து,
பண்டாரவளைத் தோட்டத்து டி மெல்லின் அலுமாரிக்குள்
பதினொரு வருடம் நின்று,
வரணிக்கு வந்தது.
வால்நட் மரம் என்றார்.
முதல் வியர்வையிலேயே அதன் சாயம்
என் கன்னத்தில் ஏறிற்று.
பக்கத் தகட்டில் இரண்டு வாத்துகள்,
உளி அறியாதவை, இயந்திரம் கீறியவை.
ஒன்றுக்குக் கண் இல்லை.

கச்சேரிப் படிவத்தில், காரணம் என்ற இடத்தில்
'குரங்கு' என்று எழுதினேன்.
குரும்பையிலேயே குடைந்து போடும்
அறுபது குரங்குகளுக்கு
ஒரு துவக்கு, இருபத்தைந்து தோட்டா.
எழுதுவினைஞர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"ஒற்றைக் குழல் காணாதோ?"
பதில் இருந்தது. சொல்லவில்லை.

கீழ்க் குழல் முதலில் வெடிக்கும்.
அகலச் சிதறும், அது கிட்டத்துக்கு.
மேல் குழல் இறுக்கம், அது தூரத்துக்கு.
ஒரே விசை. ஒரே பார்வைக் கோடு.
பிழைத்தால் திருத்த இன்னும் ஒன்று,
அதற்குமேல் இல்லை.
எங்கள் பக்கத்தில் யாருக்கு
இரண்டாவது தந்தார்கள்?

மேட்டுநில வேட்டைக்கு உகந்தது என்று
கூட வந்த தாளில் அச்சடித்திருந்தது.
யாழ்ப்பாணத்தில் மேடு!
கிணற்றுக் கட்டில் ஏறினால்
மூன்று கிராமம் தெரியும் தரை இது.
தேடித் தேடிக் கடைசியில்
மணற்காட்டுக்குப் போனேன்.
சவுக்குக்கும் கடலுக்கும் நடுவே
காற்று குவித்த மேடு,
போன மாதம் வேறிடத்தில் நின்றது.

ஞாயிறு காலை. பொலிஸ் கடிதம் சட்டைப் பையில்.
சுடாத களிமண் சிட்டிகள் ஒரு சாக்கு.
மோட்டார்சைக்கிள் ரியூப் கட்டிய தடியால்
அவற்றை எறிபவள் தவச்செல்வி,
என் கொப்பறாக் கொட்டிலில் கணக்கு எழுதுபவள்.
காதுக்குப் பஞ்சு நீட்டினேன்.
"வலப்பக்கம் வேண்டாம். அது எப்பவோ முடிஞ்சுது."

விடுங்கோ என்றேன். விட்டாள்.
வெடித்தேன். சிட்டி முழுசாகப் போய்
மணலில் படுத்தது.
மறுபடி. மறுபடி.
கீழ்க் குழலின் வெற்றுக் கூடு தானே துள்ளும்,
மேலதை நகத்தால் கிண்ட வேண்டும்,
மலிவு என்றால் இதுதான்.

ஏழாவதற்குப் பிறகு
கடலைப் பார்த்தபடி சொன்னாள்:
"அது இருந்த இடத்துக்குச் சுடுறியள்.
போற இடத்துக்குச் சுடுங்கோ.
வெடிச்சாப் பிறகும் கையை நிப்பாட்டாதேங்கோ."

எட்டாவது தூளாயிற்று.
செம்மண் புகை, ஒரு கைப்பிடி,
காற்று அதை அவள் தலைமுடியில் போட்டது.

எங்கே பழகினாள் என்று கேட்கவில்லை.
அவளுடைய வயதையும்
முழங்கைக்குக் கீழே ஓடும் தழும்பையும் கூட்டினால்
வரும் விடை எனக்குத் தெரியும்.
துவக்கை மடித்து நீட்டினேன், "ஒருக்கா?"
"எனக்கு லைசன்ஸ் இல்லை, அண்ணை."
சிரித்தாள்.
நான் சிரிக்கச் சற்றுப் பிந்தியது.

வெயில் ஏறியது. தோட்டா ஒன்பதுதான் மிச்சம்.
திறந்த துவக்கை முழங்கையில் போட்டு நடந்தேன்.
முறிந்த கொப்புப்போல் தொங்கும் அதை
எவரும் எட்டத்திலேயே பார்க்கலாம்,
உள்ளே வெளிச்சம்தான், ஒன்றுமில்லை என்று.
இதற்காகத்தான் வாங்கினேன்.
வீட்டில் சொன்ன காரணம் விலை.

தாழம் புதரடியில்
கௌதாரி இரண்டு, காலுக்குக் கீழிருந்து
சீலை கிழிபட்டதுபோல் எழும்பின.
நான் நின்றேன். தோள் தானாகத் திரும்பிற்று,
விரல் வெறும் காற்றில் மடங்கிற்று.
அவை சவுக்குக்குள் இறங்கும் மட்டும்
கண் அவற்றுக்கு ஒரு முழம் முன்னால் போனது.

"இப்ப சரி," என்றாள் பின்னால்,
உடையாத சிட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டே.
"ஏழும் இருக்கு. அடுத்த கிழமைக்கு ஆகும்."

வீட்டில் தையல் மெசின் எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.
உப்புக் காற்று ஒரு மணித்தியாலம் பொறுக்காது.
கண் இல்லாத வாத்தின்மேல்
அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி.