காலிக் கட்டம்

தொடையெலும்பு முறிந்து வந்த கண்டக்டர் ஒச்சப்பன்
மூன்றாம் இரவு
கட்டில் கம்பிக்கு டிக்கெட் கிழிக்கிறார்.
"செக்கானூரணி எறங்கு, செக்கானூரணி."
போர்வை வேர்வையில் தொப்பல்.
சுவரில் எறும்பு ஏறுதாம்,
காக்கிச் சட்டை போட்ட எறும்பு.

நாடி நூற்று முப்பது.

விருமாயி திருநீறோடு நிற்கிறாள்:
"பாண்டி முனி மேல சத்தியம் பண்ணி
விட்டுட்டாரும்மா, ஒரு சொட்டு தொடல.
சாமி ஏன் இப்படிப் பண்ணுது?"
சாமி இல்லக்கா.
இருபது வருசம் ஊறுன உடம்பு
ஒரே நாள்ல நிறுத்தினா இப்படித்தான் துள்ளும்.

டாக்டரை எழுப்பினேன்.
முதலில் தயமின், அப்புறம்தான் குளுக்கோஸ்.
லோராசிபாம் மெதுவாக, மூச்சை எண்ணிக்கொண்டே.
கையைக் கட்டாதே, விளக்கை அணைக்காதே என்றார்.

"சில்லறை இருக்கா?"
என்னிடம் கை நீட்டினார்.
இருக்கு என்று
அந்தக் கையிலேயே ஊசி ஏற்றினேன்.

பனகல் ரோட்டில் முதல் பஸ் ஹாரன் அடித்தபோது
உதட்டை விசிலுக்குக் குவித்தபடி
தூங்கிப்போனார்.

கடைசியாகக் குடித்தது எப்போது?
கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலி.
திங்கள் சாயங்காலம் ஏழு மணி, முழு பாட்டில்:
விருமாயிக்கு மணி வரைக்கும் தெரிந்திருந்தது.

கட்டத்துக்குக் கீழே
சேர்த்த அன்றைக்கே போட்ட
என் கையெழுத்து.