உள்ளது உள்ளபடி

மலைக்கு வண்டி வாங்கப் போனவள்
மேட்டுப்பாளையத்துச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தேன்.
முதல் தப்பு, என்னுடையது.
ஏசி ஓடியது. மல்லிகை சென்ட் அடித்திருந்தார்கள்.
மீட்டர் முப்பத்தோராயிரம் என்றது.
பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாய்த் தேய்ந்து
வேறு கணக்கு சொன்னது.
பெடல் பேசுவதை யார் கேட்கிறார்கள்,
சாவி கைக்கு வருகிற நேரத்தில்.

இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்.
சீட்டுப் பணம், வளையல் இரண்டு, தம்பியிடம் கைமாற்று.
சம்பத்குமார் ரசீது எழுதினார். அழகான கையெழுத்து.
கடைசி வரியில்:
'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது.'
உண்மை பேசுகிறவர்கள் சொல்லும் சொல்லாயிற்றே
என்று நம்பி
கீழே 'சபூரா' என்று போட்டேன்.

அரவேணுவில் என் அடுப்பு.
நாலு மணிக்கு வர்க்கி வெந்து இறங்கும்.
கட்டபெட்டு வரைக்கும் பதினேழு டீக்கடை.
மூன்றாவது வாரம்
டானிங்டன் கடைக்காரர் டின்னைத் திருப்பித் தந்தார்.
"வர்க்கியில ஆத்து வாடை அடிக்குதுக்கா."
ஆறாயிரம் அடி உயரத்தில்
ஏது ஆறு?

மெக்கானிக் பெள்ளிராஜ் பானெட்டைத் திறக்கவில்லை.
டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்,
நாம் யாரும் இழுக்காத தூரம்,
இனி வராது என்று அது நிற்கும்வரை.
பட்டையின் குறுக்கே ஒரு கோடு.
இந்தப் பக்கம் சாம்பல் நிறம்,
அந்தப் பக்கம் ஆறிப்போன டீயின் நிறம்.
"இதுவரைக்கும் தண்ணி நின்னிருக்குக்கா."

ஸ்டெப்னிக் குழியில் வண்டல்
பிஸ்கட் போல் காய்ந்து கிடந்தது.
உடைத்தால் உள்ளே
ஒரு குழந்தையின் பச்சைக் கிளிப்.

ஆர்.சி.யில் இருந்த பழைய பெயரைத் தேடிப் பிடித்தேன்.
தாம்பரம் பக்கம். எடுத்தது ஒரு பெண்.
"அந்த வண்டியா? அது செத்துப்போச்சுங்களே.
இன்சூரன்ஸ்ல எழுதி முடிச்சு
வந்து இழுத்துட்டுப் போனாங்க."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
கிளிப்பைப் பற்றி நான் சொல்லவில்லை.

சம்பத்குமாரின் போன்
முதலில் 'பார்க்கலாம்' என்றது,
பிறகு 'பிஸி' என்றது,
பிறகு அடிக்கவே இல்லை.

விற்றவன் கீழே இருந்தாலும்
நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கேட்கலாமாம்.
இரண்டு வருஷத்துக்குள் கேட்கணும்.
ஐந்து லட்சத்துக்குள் கட்டணமில்லை.
வக்கீலும் கட்டாயமில்லை.
ஊட்டி ஆணையத்தின் குமாஸ்தா
வர்க்கி விலை சொல்வதுபோல் சொன்னார்.
பேப்பர் வாங்கி நானே எழுதினேன்.
பெல்ட்டின் போட்டோ, பெள்ளிராஜின் சீட்டு,
ஹார்லிக்ஸ் பாட்டிலில் வண்டல்.
கிளிப்பை வைக்கவில்லை.

எதிர்த் தரப்பு வக்கீலுக்குச் சளி.
"கண்ணால் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?"
பார்த்தேன் ஐயா. காட்டியதைப் பார்த்தேன்.
"தொழிலுக்கு வாங்கிய வண்டி.
நீங்கள் நுகர்வோரே இல்லை."
கைகளை மேசைமேல் வைத்தேன்.
தட்டு சுட்ட வடு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை.
மாவு பிசைவதும் நான், ஓட்டுவதும் நான்.
சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுகிறவளுக்குச்
சட்டத்தில் இடம் உண்டு என்று
எனக்குத் தெரிந்திருந்தது அவருக்கு எரிச்சல்.
"ரசீதில் உள்ளது உள்ளபடி என்று..."
ஆமாம் ஐயா, அதைத்தான் கேட்கிறேன்.
உள்ளதை உள்ளபடி
ஏன் சொல்லவில்லை?

தலைவர் ஏதோ எழுதிக்கொண்டார்.
அடுத்த வாய்தா பதினான்காம் தேதி.

வெளியே மழை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
கோத்தகிரிக்கு ஒரு வாடகைக் கார்.
ஏறி உட்கார்ந்ததும் கை தானாகப் போனது.
"பெல்ட் சிக்கிக்கிச்சாக்கா?"
இல்லை தம்பி,
கடைசிவரை இழுத்துப் பார்க்கிறேன்.
தொட்டபெட்டா பிரிவு தாண்டும்வரை
இழுத்துக்கொண்டே இருந்தேன்.
சாம்பல். சாம்பல்.
வெறும் சாம்பல்.